ஜன்னலே இல்லாத கட்டடம்: பாண்டிச்சேரி கோல்கொண்டும் நம்ம ஊர் மொட்டை மாடியும்

இந்தியாவுல நவீனக் கட்டடக்கலைன்னு சொன்னா உங்களுக்கு எந்த ஊர் ஞாபகம் வரும்? நிறைய பேர் சண்டிகர்னு சொல்வாங்க. லெ கார்பூசியே, பெரிய பெரிய கான்கிரீட் கட்டடங்கள், பாடப் புத்தகத்துல வர்ற அந்த போட்டோக்கள். சண்டிகர் வேலைக்கு அவர் ஒப்பந்தமானது 1950-கள் தொடங்குற சமயத்துல.

அதுக்குப் பல வருஷம் முன்னாடியே, நம்ம சங்கராபுரத்துல இருந்து நூறு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல, விழுப்புரம் தாண்டிப் போனா வர்ற பாண்டிச்சேரியில, ஒரு கான்கிரீட் கட்டடம் எழும்பிடுச்சு. பேர் கோல்கொண்ட். அரவிந்தர் ஆசிரமத்துல தங்குறவங்களுக்கான விடுதி. இந்தியாவுல வலுவூட்டிய கான்கிரீட்டை வெச்சுக் கட்டின ஆரம்பகால நவீனக் கட்டடங்கள்ல இது முக்கியமான ஒண்ணு. பாண்டிச்சேரிக்கு வீக்எண்ட் போற நம்ம ஆளுங்க மஞ்சள் கலர் பிரெஞ்சு வீடுகள் முன்னாடி நின்னு போட்டோ எடுக்குறோம். இந்தச் சாம்பல் கலர் கட்டடத்தைத் திரும்பிப் பார்க்காம கடந்து போயிடுறோம்.

இந்த எபிசோட்ல அந்தக் கட்டடத்தோட கதையைச் சொல்றேன். நான் சாஃப்ட்வேர் ஆள், ஆர்க்கிடெக்ட் கிடையாது. இருந்தாலும் இது எனக்கு ஏன் முக்கியம்னா, இந்த வருஷம் சங்கராபுரத்துல எங்க வீட்டுக்கு மேல ஒரு மாடி எடுக்கப் போறாங்க. அந்தக் கதைக்குக் கடைசியில வர்றேன்.

டோக்கியோவுல வரைஞ்ச பாண்டிச்சேரி

வருஷம் 1935. ஆசிரமத்துல ஆட்கள் கூடிட்டே போறாங்க, தங்க இடம் வேணும். ஆசிரமத்தை நடத்தின அன்னை, அதாவது மிர்ரா அல்ஃபாசா, ஒரு விடுதி கட்ட முடிவு பண்றாங்க. அங்க பவித்ரான்னு ஒரு பிரெஞ்சுக்காரர் இருந்தார். இயற்பெயர் ஃபிலிப் பார்பியே சேன்ட் இலேர். இன்ஜினியரிங் படிச்சவர், பாண்டிச்சேரிக்கு வர்றதுக்கு முன்னாடி சில வருஷம் ஜப்பான்ல இருந்தவர். அவர் மூலமா டோக்கியோவுல இருந்த அன்டோனின் ரேமண்ட்னு ஒரு ஆர்க்கிடெக்ட்டுக்கு இந்த வேலை போச்சு.

ரேமண்ட் 1888-ல பொஹீமியாவுல, இன்னைக்குச் செக் நாட்டுல இருக்கற ஒரு ஊர்ல, பிறந்தவர். அமெரிக்கா போய், ஃபிராங்க் லாய்ட் ரைட் கிட்ட வேலை பார்த்தார். ரைட் டோக்கியோவுல இம்பீரியல் ஹோட்டல் கட்டினப்போ அந்த வேலைக்காக ஜப்பான் போனவர், அங்கேயே தனியா ஆபீஸ் போட்டுட்டார். பழைய ஜப்பானிய மர வீடுகளைப் பார்த்து அவர் கத்துக்கிட்ட விஷயம் ஒண்ணு உண்டு. சுவருங்கிறது நிலையா நிக்கணும்னு அவசியம் இல்லை, நகரலாம், திறக்கலாம்.

அவர் ஆபீஸ்ல இருந்து ரெண்டு பேர் பாண்டிச்சேரிக்கு வந்தாங்க. ஒருத்தர் ஃபிரான்டிசெக் சாமர். செக் நாட்டுக்காரர், பாரிஸ்ல லெ கார்பூசியே ஆபீஸ்ல வேலை பார்த்து, சோவியத் யூனியன் போய், அங்க இருந்து ஜப்பான் வந்தவர். இன்னொருத்தர் ஜார்ஜ் நகாஷிமா. ஜப்பானியப் பெற்றோருக்கு அமெரிக்காவுல 1905-ல பிறந்தவர், எம்ஐடி-யில ஆர்க்கிடெக்சர் படிச்சவர். 1938-ல ரேமண்டும் குடும்பத்தோட வந்து சில மாசம் தங்கினார்.

ஒரு நிமிஷம் இதை யோசிச்சுப் பாருங்க. பிரெஞ்சு ஆட்சியில இருக்கற ஒரு தமிழ் ஊர். செக் நாட்டுக்காரர் ரெண்டு பேர், ஜப்பானிய அமெரிக்கர் ஒருத்தர். பணத்துக்கு உதவினது ஹைதராபாத் சமஸ்தானத்துல திவானா இருந்த சர் அக்பர் ஹைதரி. அந்த நன்றிக்காகத்தான் ஹைதராபாத் பக்கம் இருக்கற கோல்கொண்டா கோட்டையோட பேரை விடுதிக்கு வெச்சாங்க. இதெல்லாம் இன்டர்நெட் வர்றதுக்கு அறுபது வருஷம் முன்னாடி.

சூரியன்தான் ஸ்பெக்

எனக்குப் பிடிச்ச பகுதி இதுதான். இந்தக் கட்டடத்துக்கு நாம நினைக்கிற மாதிரி ஜன்னல் கிடையாது. வடக்கும் தெற்கும் பார்த்த ரெண்டு நீளப் பக்கத்துலயும் சுவருக்குப் பதிலா, ஒரு முனையில இருந்து மறுமுனை வரைக்கும் படுக்கை வசத்துல மெல்லிய சிமென்ட் பலகைகள். திருப்பித் திறக்கலாம், மூடலாம். காத்து வேணும்னா திறப்பு, மழைச்சாரல் அடிச்சா மூடல். கண்ணாடி ஜன்னலும் இல்லை, கம்பியும் இல்லை. மொத்தப் பக்கமே ஒரு பெரிய ஜன்னல்தான்.

ரெண்டு பக்கமும் ஏன்? இங்க கொஞ்சம் வானக் கணக்கு பார்க்கணும். ஐரோப்பாவுல வடக்குச் சுவர்ல உச்சி வெயில் அடிக்கவே அடிக்காது, உச்சி வேளையில சூரியன் எப்பவும் தெற்கு வானத்துலதான் இருக்கும். நாம கிட்டத்தட்ட 12 டிகிரி வடக்கு அட்சரேகையில இருக்கோம். ஏப்ரல் கடைசி வாரத்துல இருந்து ஆகஸ்ட் மூணாவது வாரம் வரைக்கும் உச்சி வேளையில சூரியன் நமக்கு வடக்கே நிக்குது. மத்த மாசங்கள்ல தெற்கே. அதனால வெளிநாட்டுப் புத்தகத்தைப் பார்த்து வடக்குப் பக்கத்தை நிழல் இல்லாம விட்டீங்கன்னா மே, ஜூன் மாசத்துல மாட்டுவீங்க. ரெண்டு பக்கமும் நிழல் வேணும். பாண்டிச்சேரியும் சங்கராபுரமும் ஏறக்குறைய ஒரே அட்சரேகை. ரெண்டு ஊருக்கும் அதே சூரியன், அதே கோணம்.

கிழக்கும் மேற்கும் இதைவிட மோசம். காலையிலயும் சாயங்காலமும் வெயில் தாழ வந்து நேரா சுவர்ல அடிக்கும். மேல என்ன சன்ஷேடு வெச்சாலும் அதுக்குக் கீழே புகுந்து வரும். கோல்கொண்ட்ல அந்த ரெண்டு பக்கமும் குறுகலான பக்கங்கள். வெயில் அடிக்கிற பரப்பையே குறைச்சுட்டாங்க.

உள்ள அமைப்பு இன்னும் எளிமை. அறைகள் எல்லாம் தெற்குப் பக்கம், வடக்குப் பக்கம் நீள நடை. அறைக்கும் நடைக்கும் நடுவுல தள்ளித் திறக்கிற தேக்குக் கதவு. அந்தக் கதவுல பலகைகளை இடைவெளி விட்டு முன்னும் பின்னுமா அடுக்கியிருக்காங்க. கண் உள்ள போகாது, காத்து போகும். அதனால கதவைச் சாத்தி வெச்சாலும் தெற்குல வர்ற காத்து அறை, கதவு, நடைன்னு கடந்து வடக்குல வெளியேறும். தனிமையும் காத்தும் ஒண்ணுக்கொண்ணு எதிரின்னு நாம நினைச்சுட்டு இருக்கோம். ஒரு கதவு அந்தப் பிரச்சினையைத் தீர்த்துடுச்சு.

அப்புறம் கூரை. தட்டையான கான்கிரீட் தளம், அதுக்கு மேல இடைவெளி விட்டு வளைவான கான்கிரீட் ஓடுகள். வெயிலை மேல் கூரை வாங்கிக்கும். நடுவுல ஓடுற காத்து சூட்டைத் தூக்கிட்டுப் போகும். கீழ்த் தளம் நிழல்ல இருக்கும்.

இதைக் கேட்டதும் உங்களுக்கு எங்கயோ பார்த்த மாதிரி இருக்கா? நம்ம ஊர்ப்பக்கம் மொட்டை மாடியில தென்னங்கீத்துக் கொட்டகை போடுவாங்களே, அதே தத்துவம்தான். கீத்து வெயிலை வாங்குது, நடுவுல காத்து ஓடுது, கீழ தளம் குளிர்ச்சியா இருக்கு. டோக்கியோவுல உட்கார்ந்து வரைஞ்சவங்க கான்கிரீட்ல செஞ்சதை நம்ம ஆளுங்க கீத்துலயும் மூங்கில்லயும் செஞ்சுட்டு இருக்காங்க. என்ன, கீத்துக் கொட்டகையை நாம தற்காலிகம்னு நினைக்கிறோம். கோல்கொண்ட்ல அதைக் கட்டடத்தோட பாகமாவே ஆக்கிட்டாங்க.

பித்தளைப் பாத்திரம் கீல் ஆன கதை

கட்டினது யாரு? பெரிய கான்ட்ராக்டர் இல்லை. ஆசிரமத்துல இருந்தவங்களே நிறைய வேலை செஞ்சாங்க. கம்பி வளைக்கிறதுல இருந்து கான்கிரீட் போடுறது வரைக்கும் அவங்க கை உண்டு. அதுல பெரும்பாலானவங்களுக்குக் கட்டட வேலையில முன் அனுபவமே கிடையாது. பக்தர்கள் கொடுத்த பித்தளைப் பாத்திரங்களை உருக்கி, கட்டடத்துக்குத் தேவையான பித்தளைச் சாமான்களை வார்த்தாங்க. உள்சுவருக்கு சிப்பிச் சுண்ணாம்பு போட்டு மெருகேத்தின பூச்சு. தரைக்குக் கடப்பாக் கல்.

நகாஷிமா இந்த வேலைக்குச் சம்பளம் வேண்டாம்னு சொல்லிட்டு ஆசிரமத்துலயே சேர்ந்துட்டார். அரவிந்தர் அவருக்கு சுந்தரானந்தான்னு பேர் வெச்சார். 1939-ல கிளம்பிப் போனார். கட்டட வேலை 1940-கள் வரைக்கும் நீண்டுச்சு.

அவரோட கதை அங்க முடியலை. 1942-ல, ஜப்பானோட போர் நடக்குதுன்னு, அமெரிக்க அரசாங்கம் தன் சொந்தக் குடிமக்களையே, ஜப்பானிய வம்சாவளிங்கிற ஒரே காரணத்துக்காக, முகாம்கள்ல அடைச்சுது. நகாஷிமாவும் மனைவியும் கைக்குழந்தையோட ஐடஹோ மாநிலத்துல மினிடோகா முகாமுக்குப் போனாங்க. அங்க கென்டாரோ ஹிகோகாவான்னு ஒரு ஜப்பானியத் தச்சர். எம்ஐடி-யில படிச்சவர் அவர்கிட்ட உளி பிடிக்கக் கத்துக்கிட்டார். 1943-ல அவர் வெளிய வர உதவினது அதே ரேமண்ட்தான்.

ரேமண்ட் பத்தி இன்னொரு உண்மையும் சொல்லணும், அது கசப்பா இருந்தாலும். அதே 1943-ல, அமெரிக்க ராணுவத்துக்காக யூட்டா பாலைவனத்துல ஜப்பானியத் தொழிலாளர் வீடுகளை அச்சு அசலா வடிவமைச்சுக் கொடுத்தார். எதுக்கு? தீக்குண்டு போட்டா எப்படி எரியுதுன்னு சோதிச்சுப் பார்க்க. ஜப்பானிய வீடு எப்படி மூச்சு விடுதுன்னு தெரிஞ்ச ஆளுக்கு அது எப்படிப் பத்தும்னும் தெரிஞ்சிருந்துச்சு. வடிவமைப்பு அறிவுக்குத் தானா ஒரு நல்ல குணம் கிடையாது. அதை யார் எதுக்குக் கேக்குறாங்க என்கிறதுதான் எல்லாம். கோடு எழுதுற நாமளும் இதை ஞாபகம் வெச்சுக்கறது நல்லது.

நகாஷிமா அதுக்கப்புறம் உலகம் அறிஞ்ச மரவேலைக்காரர் ஆனார். மரத்தோட விளிம்பைச் செதுக்கித் தள்ளாம, விரிசலை மறைக்காம, அப்படியே மேஜையாக்கினவர். 1964-ல திரும்ப இந்தியா வந்து அகமதாபாத் என்ஐடி-க்கு நாற்காலி, மேஜை எல்லாம் வடிவமைச்சார். 1961-ல தொடங்கின அந்த நிறுவனமே, சார்லஸ் ஈம்ஸும் ரே ஈம்ஸும் 1958-ல கொடுத்த இந்தியா அறிக்கையில இருந்து முளைச்சதுதான். அந்த அறிக்கையில அவங்க பாராட்டின வடிவமைப்பு என்ன தெரியுமா? நம்ம சொம்பு.

இங்க எனக்கு நம்ம மாவட்டம் ஞாபகம் வருது. கள்ளக்குறிச்சி மரச் சிற்பத்துக்கு 2021-ல புவிசார் குறியீடு கிடைச்சுது. சாமி சிலை, கதவு, தேர் வேலைன்னு பல தலைமுறையா உளி பிடிச்ச கைகள் இங்க இருக்கு. ஆனா நம்ம ஊர்ல புதுசா கட்டுற வீட்டுல வாசல் நிலைக்கு மட்டும்தான் தச்சர். உள் அறைக்கு எல்லாம் கடையில வாங்கின ஃபிளஷ் டோர். காத்துப் போற கதவைச் செய்யத் தெரிஞ்சவங்களைப் பக்கத்துலயே வெச்சுக்கிட்டு, காத்துப் போகாத கதவை வாங்கி மாட்டிட்டு இருக்கோம்.

இது பணக்காரங்க கதையா?

நியாயமான கேள்வி. கோல்கொண்ட்ல நன்கொடை இருந்துச்சு, கூலி கேக்காத கைகள் இருந்துச்சு, அவசரம் இல்லை. நமக்கு ஹோம் லோன் இருக்கு, வட்டி ஓடுது. அப்படியே காப்பியடிக்க முடியாது.

இதே கேள்வியை வாழ்க்கை முழுக்கக் கேட்டவர் ஒருத்தர் உண்டு. லாரி பேக்கர். 1917-ல இங்கிலாந்துல பிறந்து, 1945-ல தொழுநோய் மருத்துவமனை கட்டடங்களுக்காக இந்தியா வந்து, இங்கேயே தங்கி, 2007-ல திருவனந்தபுரத்துல காலமானவர். அவருக்கு முக்கியம், குறைஞ்ச பணத்துல நல்ல வீடு. அவர் பரப்பின ரெண்டு முறையை மட்டும் சொல்றேன்.

ஒண்ணு, செங்கல்லைப் படுக்க வைக்காம, விளிம்புல நிக்க வெச்சுக் கட்டுறது. எலிப்பொறிக் கட்டுன்னு சொல்வாங்க. சுவருக்கு நடுவுல வெற்றிடம் வரும். ஏறக்குறைய கால்வாசிக் கல் மிச்சம். அந்த வெற்றிடம் சூட்டையும் தடுக்கும்.

ரெண்டு, ஃபில்லர் ஸ்லாப். தளத்து மேல பாரம் விழும்போது மேல் பகுதி அமுங்கும், கீழ் பகுதி இழுபடும். கான்கிரீட்டுக்கு அமுக்கம் தாங்குற பலம் உண்டு, இழுப்பு தாங்காது. இழுப்பை வாங்குறது கம்பி. அப்போ கீழ்ப் பகுதியில கம்பிகளுக்கு நடுவுல இருக்கற கான்கிரீட் பெரிசா எந்த வேலையும் செய்யலை, எடைதான். அந்த இடத்துல மங்களூர் ஓட்டை வெச்சா? கான்கிரீட் மிச்சம், எடை குறைவு, ரெண்டு ஓட்டுக்கு நடுவுல இருக்கற காத்து சூட்டைத் தடுக்கும். புரோகிராமர் பாஷையில சொன்னா, ரன் ஆகாத கோடை டெலீட் பண்றது. ஆனா எந்த வரி ரன் ஆகலைன்னு தெரிஞ்சுக்கிட்டுத்தான் டெலீட் பண்ணணும். இன்ஜினியர் கணக்குப் போடாம இதைச் செய்யாதீங்க.

எங்க வீட்டு மாடி

இப்போ சங்கராபுரம். எங்க வீடு கான்கிரீட் தளம் போட்ட சாதாரண வீடு. பகல் முழுக்கத் தளம் சூட்டைச் சேர்த்து வெச்சு, ராத்திரி நாம படுத்ததும் கீழ இறக்கும். கான்கிரீட் ஒரு பஃபர் மாதிரி. உள்ள வந்த வெப்பம் மறைஞ்சுடாது, சில மணி நேரம் தாமதமா டெலிவரி ஆகும். நான் சென்னையில ஏசி ஆபீஸ்ல உட்கார்ந்திருக்கேன். அந்த டெலிவரியை வாங்குறது அம்மாவும் அப்பாவும். மே மாசத்துல அம்மா உள் அறையில படுக்குறதே இல்லை, வாசல்லதான்.

மாடி எடுக்குற பேச்சு வந்ததும் நான் ரெட்டைக் கூரை பத்திச் சொன்னேன். மேஸ்திரி சிரிச்சார். "தம்பி, மாடியில எப்படியும் ஏசி போடத்தான் போறீங்க. அப்புறம் எதுக்கு ரெண்டு கூரை?" அப்பாவுக்குச் செலவு கவலை. அம்மா கேட்ட கேள்விதான் நிஜமானது: "நீ ஊர்ல இல்லாதப்போ நாங்க ரெண்டு பேர் அந்த ஏசியைப் போடுவோம்னு நினைக்கிறியா? கரண்ட் பில்லு யாரு கட்டுறது?"

மேஸ்திரி சொல்றதுல ஒரு நியாயம் இருக்கு. அவருக்குக் கிடைக்கிறது சதுர அடி ரேட். அந்த ரேட்ல நிழலுக்குன்னு தனியா ஒரு வரி கிடையாது. யாரும் கேக்காததை அவர் ஏன் கட்டணும்?

கோல்கொண்ட்ல இருந்து எதை எடுக்கலாம், எதை விடணும்னு உட்கார்ந்து பேசினோம். சிமென்ட் பலகை முகப்பை விட்டாச்சு. கடற்கரை ஊர்ல எப்பவும் கொஞ்சம் ஈரக்காத்து உண்டு, திறந்தே வைக்கலாம். நம்ம ஊர் உள்நாடு. மத்தியானம் அனல்காத்துதான் உள்ள வரும். பகல்ல மூடி வெச்சு ராத்திரி திறக்குறதுதான் இங்க சரி. தூசி, கொசு வேற. வருஷக்கணக்கா துடைச்சுப் பராமரிக்க ஆசிரமத்துல ஆள் உண்டு, எங்க வீட்டுல அம்மாதான் அந்த ஆள்.

எடுத்தது மூணு. மாடிப்படியும் பாத்ரூமும் மேற்குப் பக்கம் போகுது. சாயங்கால வெயிலை அந்தச் சுவர்கள் வாங்கிக்கட்டும், படுக்குற அறை தப்பிக்கும். பிளான் வரையும்போதே செஞ்சா இதுக்குக் கூடுதலா செலவே இல்லை. ரெண்டாவது, தளத்துக்கு மேல இரும்புக் குழாய் நட்டு நிழல் கூரை. துணி காயப்போட இடம்னு சொன்னதும் அப்பா ஒத்துக்கிட்டார். மூணாவது, உள் அறைக்கு இடைவெளி விட்ட மரக்கதவு. தச்சர்கிட்ட விலை கேட்டிருக்கோம். ஃபிளஷ் டோரைவிடக் கூடத்தான் வரும், எவ்வளவுன்னு தெரிஞ்சப்புறம் அப்பா முடிவு பண்ணுவார். முன்பக்கக் கண்ணாடி எலிவேஷன் பேச்சு இன்னும் ஓடிட்டுதான் இருக்கு. மேற்கு பார்த்த வீட்டுக்குக் கண்ணாடி முகப்பு வேண்டாம்னு நானும், பக்கத்து வீட்டுல இருக்கேன்னு அப்பாவும்.

கல்வராயன் மலையில மண் சுவர், புல் கூரை வீடுகளைப் பார்த்திருப்பீங்க. அந்த வீட்டுல இருக்கறவங்களுக்கு நல்ல கான்கிரீட் வீடு வேணும்னு ஆசை. மழையில ஒழுகாத, வருஷா வருஷம் கூரை மாத்த வேண்டாத வீட்டுக்கு ஆசைப்படுறது அவங்க உரிமை. 'மண் வீடுதான் அழகு'ன்னு ஏசியில உட்கார்ந்து நாம சொல்லக் கூடாது. ஒழுகாத வீடு ஏன் சுடணும்? கோல்கொண்ட் ஒழுகாத கான்கிரீட் வீடுதான். ரெண்டும் ஒண்ணா முடியும்னு 1940-கள்லயே கட்டிக் காட்டியாச்சு.

கடைசியா உங்களுக்கு ஒரு சின்ன வேலை. இன்னைக்கு ராத்திரி பத்து மணிக்கு, ஒரு ஸ்டூல் மேல ஏறி உங்க படுக்கை அறை சீலிங்கைத் தொட்டுப் பாருங்க. அப்புறம் வீட்டுல மேற்குப் பக்கச் சுவரைத் தொட்டுப் பாருங்க. எது சூடு அதிகம்னு கமெண்ட்ல எழுதுங்க, ஊர் பேரையும் சேர்த்து. வீடு கட்டப் போறவங்க யாராவது உங்க குடும்பத்துல இருந்தா, சென்ட்ரிங் அடிக்கிறதுக்கு முன்னாடி இந்த எபிசோடை அனுப்பி வைங்க. தளம் போட்டப்புறம் பேசினா கூலிங் பெயின்ட் பத்தி மட்டும்தான் பேச முடியும்.

அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.